நான்காவது அட்டைத் துண்டு

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது என் ஸ்பானர் பெட்டியில் மூன்று அட்டைத் துண்டுகள் இருந்தன. நான்கு இருக்க வேண்டும்.

மறுபடி எண்ணினேன். பெட்டியைப் போர்ச் தரையில் கவிழ்த்துக் கொட்டி, திருகாணி, வாஷர், கருகிய பியூஸ் எல்லாவற்றையும் விரலால் விலக்கித் தேடினேன். மூன்றுதான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான்காவது எங்கே இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. என் மனம் என்னைக் கேட்காமலேயே லாயாங் லாயாங்குக்குப் போய்விட்டது. அங்கே சம்பந்தி வீட்டில் ஒரு பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் நின்றது. அதன் இடது பக்க மூடிக்குள், நான் புதிதாகப் பூட்டிய ஆல்டர்னேட்டருக்கும் பெல்ட்டுக்கும் பக்கத்தில், அந்தத் துண்டு மாட்டிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை என் மகளைக் கட்டப்போகிறவர் அந்த மோட்டாரில்தான் மண்டபத்துக்கு வரப்போகிறார்.

நான் பயந்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேஸ் அடைத்தேனா என்று பாதி வழியில் வீடு திரும்புகிறவன். ஃபாரம் டூவோடு பள்ளிக்கூடத்தை விட்டு, பஸ் பட்டறையில் வயரிங் வேலைக்குச் சேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் வயர் போட்ட பஸ் ஒன்றும் இதுவரை எரிந்ததில்லை. ஆனாலும் ரோட்டில் ஒரு பஸ் புகை விட்டுக்கொண்டு போனால், நான் தொட்ட பஸ்ஸா என்று நம்பரை எட்டிப் பார்ப்பேன். இப்படிப்பட்டவன் கையில் அந்த மோட்டார் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

அது சம்பந்தியின் மோட்டார். "எஸ்டேட் தொரை விட்டுட்டுப் போன வண்டி" என்பார். இந்த நாட்டில் பழைய பிரிட்டிஷ் மோட்டார் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள். அத்தனை தொரைகள் இருந்திருக்க முடியாது. அது கிடக்கட்டும். அவருடைய மூத்த மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் அந்த வண்டியில்தான் வந்தது. உறுமி மேளம் முன்னால் அடித்துக்கொண்டு போக, வண்டி நடை வேகத்தில் பின்னால் வந்து, மண்டப வாசலுக்கு முப்பது அடி இருக்கும்போது செத்துப்போனது. பட்டு வேட்டியோடு மாப்பிள்ளை மேலே உட்கார்ந்திருக்க, நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். போதாததற்கு, செயின் பெட்டியிலிருந்து ஒழுகிய எண்ணெய் வேட்டியில் கறுப்பாகக் கோடு போட்டிருந்தது. யாரோ அதைப் போனில் பிடித்துவிட்டார்கள். இன்றைக்கும் அவர்கள் குடும்பத்தில் தீபாவளி வந்தால் பலகாரத்தோடு அந்தப் படமும் சுற்றி வரும்.

"பேட்டரி இறங்கிருச்சு. மெதுவாப் போனா அந்தப் பழைய டைனமோ சார்ஜ் ஏத்தாது" என்று சம்பந்தி எல்லாருக்கும் விளக்கம் சொல்லி வைத்திருந்தார். அதனால் இளைய மகனின் கல்யாணம் என்று ஆனதும், அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து இங்கிலாந்திலிருந்து ஒரு பெட்டி வரவழைத்து அப்பாவுக்குக் கொடுத்தார்கள். உள்ளே பல் வைத்த ரப்பர் பெல்ட், அது ஓடுவதற்கு இரண்டு புல்லி, ஒரு ஆல்டர்னேட்டர். எண்ணெயில் முங்கி ஓடுகிற செயினைக் கழற்றிவிட்டு பெல்ட்டைப் போட்டால், அந்தப் பெட்டிக்குள் எண்ணெயே வேண்டாம். வேட்டி தப்பிக்கும். ஆல்டர்னேட்டர் போட்டால் நடை வேகத்திலும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும். மானம் தப்பிக்கும்.

"யாரு போடறது?" என்று வீட்டில் பேச்சு வந்தபோது சம்பந்தி, "நம்ம சம்பந்தியே வயரிங்காரர்தானே, வெளிய எதுக்குத் தேடணும்?" என்று சொல்லியிருக்கிறார். போனில் என்னையும் கேட்டார். பெண்ணைக் கொடுக்கிறவன் முடியாது என்று எந்த வாயால் சொல்வது?

"அதுக்கென்ன சம்பந்தி, போட்டுரலாம்" என்றேன். போனை வைத்த பிறகு இரண்டு தடவை பாத்ரூம் போனேன்.

வண்டி இன்னொரு தடவை நின்றால் அது இனி டைனமோ குற்றம் ஆகாது, பெண்ணின் அப்பா கை வைத்த குற்றம். என் மகள் அந்த வீட்டில் எத்தனை தீபாவளி இருக்கிறதோ அத்தனையிலும் அதைக் கேட்பாள். இது சின்ன பயம். பெரிய பயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. வண்டியில் உட்காரப் போகிறவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

லாரியில் வண்டி பெர்மாஸ் ஜெயாவுக்கு வந்து எங்கள் போர்ச்சில் இறங்கியது. பெட்டிக்குள் நாலு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு தாள். எனக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். மகள் கல்யாண லீவில் இருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நம்பர் நம்பராகப் படித்துத் தமிழில் சொன்னாள். நான் கீழே குந்தியிருந்து செய்தேன். தன் மாப்பிள்ளை வரப்போகிற வண்டிக்குத் தானே வழி படித்துச் சொன்ன பெண் வேறு யாராவது உண்டா, எனக்குத் தெரியாது.

பழைய செயினைக் கழற்றி, எண்ணெயை வடித்து, பெட்டியைத் துடைத்துக் காயவைத்து, புல்லிகளைப் பூட்டி பெல்ட்டை மாட்டினேன்.

"பெல்ட்டை இறுக்கக் கூடாதாம்பா. வண்டி ஆறிப்போய் இருக்கும்போது லூசா இருக்கணுமாம்."

"எவ்ளோ லூசு?"

"விரலால அமுக்கினா பத்து மில்லி ஏறி இறங்கணும்."

"பத்து மில்லியா? அலமாக், அது கழண்டு ஓடிராது?"

"சூடானா புல்லியெல்லாம் பெரிசாகும், பெல்ட் தானா இறுகிக்கும்னு போட்டிருக்கு. இப்பவே இறுக்கினா பேரிங் போயிருமாம். இதை மட்டும் தடிச்ச எழுத்துல போட்டிருக்கான்."

அவள் தாளைத் திருப்பிய நேரத்தில் நான் கால் சுற்று கூட்டி வைத்தேன். தளர்ந்து தொங்குகிற எதையும் என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

"அப்பா, இறுக்காதீங்க" என்றாள், தலையைத் தூக்காமல்.

"இல்லம்மா, சும்மா பிடிச்சுப் பார்த்தேன்."

"ஸ்பானர் சத்தம் கேக்குது லா."

கால் சுற்றைத் திருப்பி விட்டேன்.

அடுத்தது ஆல்டர்னேட்டர். அது இரண்டு பாகம். எஞ்சின் தண்டின் நுனியில் பூட்டிச் சுற்றுகிற உருண்டைக் காந்தம் ஒன்று. அதைச் சுற்றி, அசையாமல் நிற்கிற கம்பிச் சுருள் வளையம் ஒன்று. காந்தத்தை ஏற்றி, வாஷர் வைத்து, பெரிய நட்டைப் போட்டு முடிந்தவரை இறுக்கினேன். அப்போது அவளுக்குப் போன் வந்தது. ரவிக்கை தைக்கிறவர். கை அளவில் ஏதோ தகராறு. பேசிக்கொண்டே உள்ளே போனவள் பத்து நிமிஷம் கழித்து வந்தாள்.

"எங்கப்பா விட்டோம்?"

"நட்டு இறுக்கியாச்சு."

"அப்ப ஒன்பதாவது" என்று அவள் வளையத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தாள்.

காந்தத்துக்கும் வளையத்துக்கும் நடுவில் சுற்றிலும் ஒரே அளவு சந்து இருக்க வேண்டும். ஒரு நல்ல அட்டையின் கனம். எங்கேயும் உரசக் கூடாது. இதைச் சொல்லிவிட்டு அவள் அம்மாவோடு தையல்காரர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். நான் தனியாக இருந்தேன். சந்து அளக்கிற இரும்புத் தகடு என்னிடம் உண்டு. உள்ளே விட்டதும் காந்தம் லபக்கென்று பிடித்துக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. வந்தாலும் அளவு தெரியவில்லை. இரும்பு ஆகாது, அட்டைதான் சரி என்று புரிந்து சுற்றிலும் பார்த்தேன். நாற்காலியின் மேல் ஒரு பை. கொடுத்து மிஞ்சிய கல்யாணப் பத்திரிகைகள், இன்னும் அலமாரிக்குப் போகாதவை.

கெட்டி அட்டை, தங்க நிறத்தில் பிள்ளையார், நாலு மூலையிலும் மஞ்சள். அளவுகோலில் பிடித்துப் பார்த்தேன். சொல்லிவைத்தாற்போல அதே கனம்.

என் மனைவிக்குச் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே முடியாது. தாலி ஏறும் வரைக்கும் பத்திரிகையைக் கிழிக்கக் கூடாது, காலடியில் போடக் கூடாது. பழைய பேப்பர்காரன் எடுத்துவிடுவான் என்று மிச்சத்தைக்கூட அலமாரியில்தான் வைப்பாள். எனக்கும் மனசு வரவில்லைதான். ஆனால் சந்து சரியில்லாமல் வண்டி நின்றால் அது அதைவிடப் பெரிய அபசகுனம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஒரு பத்திரிகையை எடுத்து நாலு நீளத் துண்டாக வெட்டினேன். ஒரு துண்டில் பிள்ளையார் முகம் போய்விட்டது. மிச்சத்தை நாளிதழில் சுருட்டிக் குப்பையில் அடியில் தள்ளினேன். நாலு பக்கமும் நாலு துண்டைச் செருகி, வளையத்தை இறுக்கி, துண்டுகளை உருவினேன்.

உருவினேனா? அதுதான் கேள்வி.

அன்றைக்கு மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவசரமாக மூடியைப் போட்டுப் பத்துத் திருகாணியையும் முடுக்கினேன். பேட்டரி மாட்டி உதைத்தேன். மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்தது. பத்து நிமிஷம் ஓடியது. முன் விளக்கு எதிர்வீட்டுச் சுவரில் வெள்ளையாக அடித்தது. எதிர்வீட்டு மலாய்க்காரர் வெளியே வந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். மறுநாள் லாரி வந்து வண்டியை லாயாங் லாயாங்குக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அதற்கு அடுத்த நாள்தான் நான் துண்டுகளை எண்ணினேன்.

பத்து நிமிஷம் சத்தமில்லாமல்தானே ஓடியது என்று சொல்லிப் பார்த்தேன். அட்டை எப்படிச் சத்தம் போடும் என்று மனம் திருப்பிக் கேட்டது. உரசி உரசிச் சூடாகும், பொடிப்பொடியாகும், உள்ளே எண்ணெயும் இல்லை, காய்ந்த பெட்டி, காய்ந்த அட்டை. மேலே பட்டு வேட்டி. அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை. யோசிக்காமலும் இருக்க முடியவில்லை. போர்ச்சில் தேடினேன், வாசல் சாக்கடையில் தேடினேன், குப்பை போய்விட்டிருந்தது. மனைவியிடம் கேட்கலாம். கேட்டால் பத்திரிகையை வெட்டியதைச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் அந்தப் பேச்சு வீட்டில் எழும்பினால், நடக்கிற ஒவ்வொரு தப்புக்கும் அந்தக் கத்தரிக்கோல்தான் காரணமாகும்.

வெள்ளிக்கிழமை பந்தக்கால் நட்டார்கள். நலங்கு வைத்தார்கள். மகள் முகத்தில் மஞ்சள் பூசும்போது எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன், ஆனால் நான் அழுதது மூடிக்குள் இருக்கும் துண்டுக்காக.

சனிக்கிழமை காலை மனைவி சமையல்காரரோடு பேசிக்கொண்டிருந்தபோது, மண்டபத்து லைட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன்.

"பந்தக்கால் நட்டாச்சு, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஞாபகம் இருக்கட்டும்" என்றாள்.

என் சின்ன மோட்டாரின் கூடையில் ஸ்பானர் பெட்டியை வைத்துக்கொண்டு, கூலாய் தாண்டி, சிம்பாங் ரெங்கம் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகும்போது எத்தனை எல்லை தாண்டினேன் என்று கணக்கில்லை. நெற்றியில் நலங்கு மஞ்சள் அப்படியே இருந்தது. பக்கத்தில் போன லாரிக்காரன் என்னையும் கூடையையும் பார்த்துச் சிரித்தான்.

சம்பந்தி வீட்டில் உறவுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். வண்டி கூடாரத்துக்கு நடுவில் செண்டிப்பூச் சரம் சுற்றி, விளக்கில் சந்தனம் குங்குமம் வைத்து, சாமி மாதிரி நின்றது. முந்தின நாளே சம்பந்தி அதைக் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போய், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூஜை போட்டுவிட்டு வந்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் பேச்செல்லாம் நின்றது. கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்ணின் அப்பா தனியாக வந்து நின்றால் யாருக்கும் நல்ல எண்ணம் வராது.

"என்ன சம்பந்தி? பொண்ணுக்கு ஏதாவது..." என்று சம்பந்தி எழுந்தே விட்டார்.

"இல்லீங்க, இல்லீங்க. எல்லாரும் நல்லா இருக்காங்க. வண்டி மூடியை ஒரு தடவை கழட்டிப் பார்க்கணும்."

சம்பந்தியின் அக்கா அங்கே பூக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. என் கூடையை எட்டிப் பார்த்தார். "சீர்த்தட்டு கொண்டு வருவாங்கன்னு பார்த்தா, சம்பந்தி ஸ்பானர் தட்டு கொண்டாந்திருக்காரு. எண்ணிக்கோங்கடி, ஒத்தப்படையா இருக்கான்னு!"

கூடாரமே சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

"நல்லாத்தானே ஓடுது?" என்றார் சம்பந்தி, தணிந்த குரலில். "பூஜை போட்டாச்சு சம்பந்தி. பூவெல்லாம் கட்டியாச்சு. இப்போ எதுக்கு?"

சும்மா ஒரு பார்வை என்று சொல்லத்தான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். ஆனால் அவர் கண்ணைப் பார்த்ததும் வந்தது வேறு. "உள்ள ஒரு அட்டைத் துண்டை விட்டுட்டேனோன்னு சந்தேகமா இருக்கு. எடுத்தேனா இல்லையான்னு எனக்கு ஞாபகம் இல்லை. அது இருந்தா மாப்பிள்ளை அதுல உட்காரக் கூடாது."

அவர் குனிந்து, இடது பக்கத்துப் பூச் சரத்தைத் தன் கையாலேயே அவிழ்த்தார்.

பத்துத் திருகாணி. ஒவ்வொன்றையும் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன். மூடி வந்தது. டார்ச்சை அடித்துப் பார்த்தேன். காந்தத்தைச் சுற்றிலும் சந்து சுத்தமாக, ஒரே அளவாக இருந்தது. அட்டை இல்லை. பொடி இல்லை. கருகல் இல்லை. பெல்ட் விரலுக்குப் பத்து மில்லி ஏறி இறங்கியது. எனக்கு மூச்சு வந்தது.

அந்த மூச்சு முழுசாக வெளியே போவதற்குள் நட்டைப் பார்த்தேன்.

காந்தத்தைப் பிடித்து நிறுத்துகிற பெரிய நட்டு. அதன் அடியில் இருந்த வாஷரின் ஓரத்தில் நாக்கு மாதிரி ஒரு தகடு நீட்டிக்கொண்டிருந்தது. நட்டை இறுக்கிய பிறகு அந்த நாக்கை நட்டின் மேல் மடக்கித் தட்டிவிட வேண்டும், அப்போதுதான் ஓட்டத்தில் நட்டு கழலாது. கழன்றால் காந்தம் வளையத்தில் மோதி எஞ்சினே பூட்டிக்கொள்ளும். இது மடங்காமல் நேராக நின்றது. தாளில் ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில், மகள் படிக்காமல் தாண்டிப்போன எட்டு. ரவிக்கைக்காரர் போன் செய்த நேரம். நட்டின் மேல் விரலை வைத்தேன். ஸ்பானர் இல்லாமல், விரலுக்கே அசைந்தது.

நான் நாள் முழுக்கப் பயப்படுகிறவன். என்னென்னவோ நினைத்துப் பயந்திருக்கிறேன். இந்த நட்டுக்காக ஒரு நிமிஷம்கூடப் பயந்ததில்லை.

சம்பந்தி என் பின்னால்தான் நின்றார். டார்ச் என் கையில். அவருக்கு அது தெரிந்திருக்காது. ஒன்றும் இல்லை சம்பந்தி, சும்மா சந்தேகம்தான் என்று சொல்லிக்கொண்டே இறுக்கி, ஒரே தட்டில் மடக்கி, மூடியைப் போட்டிருக்கலாம். யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தேன். அந்தப் பொய்யைச் சொன்னால், பிறகு அதற்காக எத்தனை வருஷம் பயப்பட வேண்டியிருக்கும் என்று தோன்றியது. எனக்கு அதற்கெல்லாம் தெம்பு இல்லை.

"சம்பந்தி, இங்க பாருங்க" என்றேன். விரலால் நட்டை அசைத்துக் காட்டினேன். "அட்டை இல்லை. ஆனா இதை நான் மடக்கல. மறந்துட்டேன். நேத்து நீங்க கோயிலுக்கு ஓட்டினதுக்கே இவ்ளோ கழண்டிருக்கு. நாளைக்கு ஊர்வலத்துல இது கழண்டிருந்தா..." 

அவர் நட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு என் உயரத்துக்கு உட்கார்ந்தார். சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, திருகாணிகளைக் கையில் குலுக்கிக்கொண்டே சொன்னார்.

"பெரியவன் கல்யாணத்துல வண்டி ஏன் செத்துச்சு தெரியுமா?"

"பேட்டரி..."

"பேட்டரி இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பெட்ரோல் டேப்பைத் திறக்க மறந்துட்டேன். குழாய்ல இருந்த பெட்ரோல் வரைக்கும் ஓடிச்சு, அப்புறம் நின்னுருச்சு. தள்ளும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அத்தனை பேருக்கு முன்னால எப்படிச் சொல்றது? டைனமோன்னு சொல்லிட்டேன். பசங்க அதை நம்பி இங்கிலாந்துல இருந்து சாமானை வரவழைச்சுட்டானுங்க. வேணாம்னு சொல்ல முடியுமா, சொல்லுங்க?"

ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

"அப்ப இந்த ஆல்டர்னேட்டர்..."

"சும்மா. விளக்கு நல்லா எரியுது, அதுவரைக்கும் லாபம்." அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று முதலில் தெரியவில்லை. "அக்கா காதுல விழுந்துச்சு, நான் செத்தேன்."

நட்டைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டு, நீள ஸ்பானரால் இரண்டு பேரும் சேர்ந்து இறுக்கினோம். நாக்கை மடக்கினேன். அவர் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நான் பார்த்தேன். பிறகு அவர். மூடி போட்டு, அவரே பூச் சரத்தைக் கட்டினார். அவர் அக்கா எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார். "கை கழுவிட்டுக் குடிங்க சம்பந்தி, நாளைக்கு அந்தக் கையாலதான் தாரை வார்க்கணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் மண்டப வாசலில் இருக்க வேண்டியவன். மாலையோடு நின்று மாப்பிள்ளையை வரவேற்க வேண்டும். மனைவி ஆரத்தித் தட்டோடு பக்கத்தில் நின்றாள். ரோட்டு முனையில் பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. உறுமி மேளம் தெருவையே தூக்கியது. எனக்கு அதுதான் கஷ்டம். அந்த மேளத்தில் எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. ஓடுகிறதா? நின்றுவிட்டதா? தள்ளிக்கொண்டு வருகிறார்களா? ஆட்டக்காரர்களின் தலைக்கு மேலே மாப்பிள்ளையின் தலைப்பாகை மட்டும் தெரிந்தது. அது நகர்ந்தது. தள்ளினாலும் நகரத்தானே செய்யும்.

நாலு அடி முன்னால் போய்ப் பார்த்தேன். கேட்கவில்லை. இன்னும் பத்து அடி. எப்போது கூட்டத்துக்குள் புகுந்தேன் என்று தெரியாது. வண்டியின் இடது பக்கத்தில், மூடிக்கு நேராகக் காதை வைத்துக்கொண்டு, மாலையைத் தோளில் போட்டபடி மாப்பிள்ளை வீட்டாரோடு நடந்துகொண்டிருந்தேன். உள்ளே பெல்ட் சீராக விர்ர் என்று சுற்றியது. வலது பக்கத்தில் சம்பந்தி நடந்து வந்தார். நான் பார்க்கும்போது அவர் கண் டாங்கிக்கு அடியில் பெட்ரோல் டேப்பில் இருந்தது. தலையைத் தூக்கினார். திறந்திருக்கு என்று கண்ணாலேயே சொன்னார்.

"மாமா, நீங்க அங்க நிக்கணும்" என்றார் மாப்பிள்ளை, உதட்டை அசைக்காமல்.

"நீங்க ரோட்டைப் பாருங்க."

முந்நூறு அடி வர அரை மணி நேரம் ஆனது. வாசலில் மனைவி தட்டோடு நின்று என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர என் படிப்பு போதாது. சம்பந்தியின் அக்கா எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "என்ன சம்பந்தி, தாலி கட்டறதுக்கு முன்னாலயே எங்க கட்சிக்கு மாறிட்டீங்க?"

வண்டி வாசலில், நிறுத்த வேண்டிய இடத்தில், தானாக வந்து நின்றது. வேட்டியில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. மாப்பிள்ளை சாவியைத் திருப்பிய பிறகுதான் எஞ்சின் அடங்கியது. கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மாலை போட வேண்டியவன் குனிந்து மூடியின் சூட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மறுவீட்டு விருந்தில் சம்பந்தி பெட்ரோல் டேப்புக் கதையைத் தானே எல்லாரிடமும் சொல்லிவிட்டார். நட்டுக் கதையைச் சொல்லவில்லை. அதை நான் சொன்னேன்.

இதெல்லாம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். மனைவி சாமி அறையில் பழைய பூவை எடுத்துச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தாள். "என்னங்க, இது உங்களோடது" என்று எதையோ நீட்டினாள். நீளமாக வெட்டிய அட்டை. தங்க நிறத்தில் பிள்ளையார் முகம். ஓரத்தில் காந்தம் பதிந்த கறுப்புக் கோடு.

"எங்க கிடந்துச்சு?"

"போர்ச்சுலதான். தையல்காரர் வீட்டுல இருந்து வந்தப்போ, நீங்க மூடியை முடுக்கிக்கிட்டு இருந்தீங்க. பிள்ளையார் உங்க செருப்புக்குப் பக்கத்துல கிடந்தாரு. எடுத்து இங்க வச்சேன். பத்திரிகையை வெட்டினது நீங்கதான்னு தெரியும். நல்ல காரியம் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்னு விட்டுட்டேன்."

"அன்னிக்கே கேட்டிருக்கலாமே..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினேன்.

அன்றைக்கே அவள் கேட்டிருந்தால், நாலாவது துண்டு கையில் இருந்திருக்கும். எண்ணியிருப்பேன், நாலு. நிம்மதியாக இருந்திருப்பேன். சனிக்கிழமை வீட்டை விட்டுக் கிளம்பியிருக்க மாட்டேன். மூடியைக் கழற்றியிருக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை, அரை மணி நேரம், அந்த நட்டு, விரலுக்கே அசைகிற நட்டு...

"ஏங்க, என்னாச்சு? ஏன் வேர்க்குது? எல்லாம்தான் நல்லபடியா முடிஞ்சுருச்சே."

போர்ச்சுக்குப் போய், அந்தத் துண்டை மற்ற மூன்றோடு ஸ்பானர் பெட்டியில் வைத்தேன். பிறகு மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன்.

"வாஷர் மடங்கித்தான் இருக்கு மாமா" என்றார், நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னால்.